இழுப்பு: ஊமத்தை முதல் இன்டர்லூக்கின் வரை

நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் ஆண்டர்சன், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைமை மருத்துவர். செடிகொடிகள் மேல் பித்துப் பிடித்த மனிதர். இழுப்பு வந்தவர்கள் இங்கே உலர்ந்த ஊமத்தையைப் புகைப்பதையும், சற்று நேரத்தில் அவர்களுக்கு மூச்சு தளர்வதையும் அவர் கவனித்து வைத்திருந்தார். ஜென்ட் என்ற படைத்தளபதியிடம் அதைச் சொன்னார். 1802-இல் ஜென்ட் அந்த வைத்தியத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் 'ஆஸ்துமா சிகரெட்' விற்றது. நெஞ்சு நோய்க்குச் சிகரெட்! சென்னை உலகத்துக்குக் கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஊமத்தை பொய்யான மருந்தல்ல. அதிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசையை இளக்கும். தசை இளகினால் குழாய் விரியும், மூச்சு வரும். குழப்பம் அங்கேதான் தொடங்கியது. தசையை இளக்கினால் நோயாளி எழுந்து உட்காருகிறார் என்றால் நோய் தசையில்தான், அதை இறுக்கும் நரம்பில்தான் என்று மருத்துவ உலகம் முடிவு கட்டிக்கொண்டது. 1860-இல் லண்டனில் ஆஸ்துமா பற்றிப் பெரிய நூல் எழுதிய ஹென்றி ஹைட் சால்டர் தாமே இழுப்புக்காரர். பூனை அருகே வந்தால் தமக்கு மூச்சு முட்டுவதைத் துல்லியமாக எழுதியவர், கெட்டியான கறுப்புக் காப்பியை நல்ல மருந்தாகப் பரிந்துரைத்தவர். (அதுவும் பொய்யில்லை. காப்பியிலுள்ள கஃபீனும் பின்னாளில் வந்த ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினும் நெருங்கிய உறவு.) அவர் பார்வையிலும் ஆஸ்துமா நரம்புக் கோளாறுதான். 1940-களில் சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இழுப்பின் ஓசை தாய்க்காக அடக்கிவைத்த அழுகை என்றார்கள். மூச்சுவிட முடியாமல் தவிக்கும் பிள்ளையோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் இதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் சாட்சி சளியில் கிடந்தது. 1853-இல் பாரிஸில் சார்கோ என்பவரும், 1872-இல் ஜெர்மனியில் லைடன் என்பவரும் நுண்ணோக்கியில் கூர்மையான சிறு படிகங்களைக் கண்டார்கள். லைடன் கண்டது ஆஸ்துமாக்காரர்களின் சளியில். இரு முனையும் ஊசிபோல் இருந்த அந்தப் படிகங்களுக்கு அவர்கள் இருவரின் பெயருமே நிலைத்தது. 1879-இல் பால் எர்லிக் இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ரத்தத்தின் மீது விட்டுப் பார்த்தபோது, ஒரு வகை வெள்ளணு மட்டும் அந்தச் சாயத்தைப் பிரியமாக உறிஞ்சிச் செக்கச்செவேலென்று நின்றது. அதுதான் ஈசினோஃபில். ஆஸ்துமாக்காரரின் சளியில் இவை மொய்த்துக் கிடப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் முன்பே தெரியும். சிறு மூச்சுக்குழாய்களின் அழற்சியே ஆஸ்துமா என்ற கருத்தும் அப்போது இருந்தது. அது புத்தகத்தில் ஒரு வரியாகவே தங்கிவிட்டது. மருந்துச்சீட்டு வரை வரவில்லை.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோன் வந்த பிறகுகூட உடனே விடியவில்லை. வாதநோய்க்கு அது செய்த அற்புதத்துக்காக 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாள்பட்ட ஆஸ்துமாவில் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அதைச் சோதித்து 1956-இல் வெளியிட்ட முடிவு, பெரிய பலன் இல்லை என்பது போல இருந்தது. டெர்பி நகரத்து மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன் அதை நம்பவில்லை. அவர் செய்தது மிகச் சின்ன வேலை. ஒவ்வொரு நோயாளியின் சளியையும் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார். சளியில் ஈசினோஃபில் இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை அருமையாக வேலை செய்தது, இல்லாதவர்களுக்குச் செய்யவில்லை. எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்ததால்தான் மருந்து தோற்றதுபோல் தெரிந்தது. 1958-இல் லான்செட் இதழில் இதை எழுதினார். என்னைக் கேட்டால், இந்த நோயின் வரலாற்றில் மிக முக்கியமான கட்டுரை இதுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகள் கிட்டத்தட்ட யாரும் அதைப் பின்பற்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

காரணம், இன்ஹேலர். 1956-இல் அமெரிக்காவில் அளவு கணக்கிட்டு மருந்தைப் பீய்ச்சும் முதல் கருவி வந்தது. 1969-இல் சால்பியூட்டமால் வந்தது. நெஞ்சு இறுகினால் ஒரு பஃப், ஐந்து நிமிடத்தில் நிம்மதி. இவ்வளவு வேகமாகச் சுகம் கொடுக்கும் ஒன்று கையில் இருக்கும்போது சளியைக் கிளற யாருக்கு மனம் வரும்? 1960-களிலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வீரியம் கூடிய ஐசோபிரினலின் இன்ஹேலர் பரவிய காலத்தில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. தசை இளகிக்கொண்டே இருந்தது. உள்ளே வீக்கம் வளர்ந்துகொண்டே இருந்தது. 1972-இல் நெஞ்சுக்குள் மட்டும் போய்ச் சேரும் ஸ்டீராய்டு இன்ஹேலர், பெக்ளோமெத்தசோன், வந்தது. அதை முதலில் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியவர்களில் ஒருவர் அதே மாரோ பிரவுன்.

நம் ஊரில் ஈசினோஃபிலுக்கு வேறொரு வாழ்க்கை. ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்பவர் இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. தும்மலுக்கும் அதுதான் பெயர், இருமலுக்கும் அதுதான், இழுப்புக்கும் அதுதான். இந்தச் சொல் இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்து மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையில் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள்: எக்ஸ்ரேயைப் பார்த்தால் காசநோய் மாதிரி இருக்கிறது, சளியில் கிருமி இல்லை, ரத்தத்தில் ஈசினோஃபில் எக்கச்சக்கம். வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் 1943-இல் அதற்கு 'வெப்பமண்டல ஈசினோஃபிலியா' என்று பெயர் வைத்து ஆர்சனிக் ஊசி போட்டுக் குணப்படுத்தினார். காரணம் யானைக்கால் புழு என்பது பின்னால் புரிந்தது. 1950-களின் இறுதியில் சிங்கப்பூரில் டாக்டர் டி.ஜே. தனராஜ், ஃபைலேரியா மாத்திரையே இதற்கும் மருந்து என்று காட்டினார். 1980-களில் சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்து விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த நோயாளிகளின் நுரையீரலை உப்புநீரால் அலசி எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈசினோஃபில்கள் குவிந்து கிடந்தன. மாத்திரை கொடுத்ததும் அவை சரசரவென்று இறங்கின. நுரையீரலுக்குள் நடக்கும் அழற்சியை நேரடியாக எட்டிப்பார்த்த ஆரம்பகாலப் பணிகளில் இது ஒன்று.

இன்று அந்த நோய் குறைந்துவிட்டது. டி.இ.சி. எனும் அந்த ஃபைலேரியா மாத்திரையை ஆண்டுதோறும் வீடு வீடாகக் கொடுத்ததன் பலன். பெயர் மட்டும் தெருவில் தங்கி, எல்லா இழுப்பின் மேலும் ஒட்டிக்கொண்டது. அதனால் நேர்ந்த கெடுதல் சின்னதல்ல: ஆஸ்துமா உள்ளவர் தமக்கு ஆஸ்துமா இல்லை, "ரத்தத்துல கொஞ்சம் ஈஸ்னோபீலியா" மட்டுமே என்று நம்பி ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார். பிள்ளைக்கு இழுப்பு என்றால் இன்னொரு பெயர் தயாராக இருந்தது: பிரைமரி காம்ப்ளெக்ஸ். காசநோயே இல்லாத எத்தனை பிள்ளைகள் அந்தப் பெயரால் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கியிருப்பார்கள்!

சரி, ஈசினோஃபில் ஏன் நெஞ்சுக்கு வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை புரதங்களில் இருக்கிறது. தூசிப்பூச்சியின் எச்சமோ கரப்பான் துகளோ வைரஸோ மூச்சுக்குழாயின் உள்தோலை உரசும்போது, அந்தத் தோல் டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 போன்ற புரதங்களை வெளியே விடுகிறது. ஆபத்து என்று அறிவிப்பதுதான் அவற்றின் வேலை. அதைக் கேட்டு அங்குள்ள தடுப்பணுக்கள் அடுத்த வரிசைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றில் இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜை வரை போய் ஈசினோஃபில்களைப் பெருக்குகிறது, சாக வேண்டியவற்றைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-13 சளியைக் கெட்டியாக்குகிறது, தசையை எடுத்ததற்கெல்லாம் இறுகுமாறு பழக்குகிறது. இன்டர்லூக்கின்-4 ஒவ்வாமைக்குரிய ஐ.ஜி.இ. எதிர்ப்பொருளைத் தூண்டுகிறது. வந்து சேர்ந்த ஈசினோஃபில் தன் பங்குக்குக் காரப் புரதங்களைக் கொட்டி உள்தோலை அரிக்கிறது. புண்ணான தோல் மறுபடியும் ஆபத்து என்கிறது. தசை இறுகுவது இவ்வளவுக்கும் பிறகு நடக்கும் கடைசிக் காட்சி. இருநூறு ஆண்டுகள் நாம் அந்தக் கடைசிக் காட்சிக்குத்தான் வைத்தியம் பார்த்தோம்.

புரதம் தெரிந்ததும் அதைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைச் செய்தார்கள். இன்டர்லூக்கின்-5-ஐக் கட்டிப்போடும் மெப்போலிசுமாப் முதலில் சறுக்கியது. 2000-இல் லேசான ஆஸ்துமா உள்ள 24 பேருக்குக் கொடுத்தார்கள். ரத்தத்திலும் சளியிலும் ஈசினோஃபில் மளமளவென்று இறங்கியது, நோய் அசையவில்லை. 2007-இல் முந்நூற்றுச் சொச்சம் பேரிடம் பெரிய ஆய்வு. அதிலும் பலன் இல்லை. ஆஸ்துமாவுக்கும் ஈசினோஃபிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பேச்சு கிளம்பியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்டீராய்டுக்கு நடந்த அதே கதை. கனடாவின் ஹாமில்ட்டனில் ஃபிரெடி ஹார்கிரீவ், பரமேஸ்வரன் நாயர் குழுவும், இங்கிலாந்தின் லெஸ்டரில் ஹல்தார், பேவோர்ட் குழுவும் சளியைப் பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்கள். 2009-இல் இரண்டு ஆய்வுகளும் ஒரே நாளில் வந்தன. லெஸ்டரில் 61 பேர். மருந்து பெறாதவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 3.4 கடும் தாக்குதல், பெற்றவர்களுக்கு 2.0. மருந்து பழையதுதான், புரதமும் பழையதுதான். ஆள் தேர்வு மட்டும் மாறியிருந்தது. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு பென்ராலிசுமாப், டுப்பிலுமாப், 2021-இல் டி.எஸ்.எல்.பி.யையே மறிக்கும் டெசெபெலுமாப் என்று வரிசையாக வந்தன.

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இன்னொரு குணம் உடையது. அங்கே பெரும்பாலும் ஆட்சி செய்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. புகை உள்ளே போனதும் நுரையீரலின் காவல் அணுக்கள் இன்டர்லூக்கின்-8 போன்ற புரதங்களால் அதை அழைக்கின்றன. வந்தது எலாஸ்டேஸ் என்ற நொதியைக் கொட்டுகிறது. காற்றறைகளை இழுத்துப் பிடித்திருக்கும் எலாஸ்டின் நார்களை அந்த நொதி தின்றுவிடும். பழைய சாக்ஸின் எலாஸ்டிக் போல நுரையீரல் தொளதொளத்து, உள்ளே போன காற்று வெளியே வர மறுக்கிறது. இதைக் கண்டுபிடித்த கதையும் ஓர் ஆய்வக மேசையில்தான் தொடங்கியது. 1963-இல் சுவீடனின் மால்மோ நகரில் லாரெல் என்ற ஆய்வாளர், சுமார் 1500 ரத்த மாதிரிகளின் புரதப் பட்டைகளைப் பார்த்தபோது ஐந்து மாதிரிகளில் மட்டும் ஒரு பட்டை காணாமல் போயிருந்தது. அவருடைய மாணவர் எரிக்சன் அந்த ஐந்து பேரைத் தேடிப் பார்த்ததில் மூவருக்கு நுரையீரல் ஊதிப்போயிருந்தது. காணாமல் போனது எலாஸ்டேஸைக் கட்டுப்படுத்தும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். பிறப்பிலேயே அந்தப் புரதம் இல்லாதவர்கள் உலகில் சொற்பம். மற்றவர்களிடம் புகை, அந்தப் புரதத்தால் சமாளிக்க முடியாத அளவுக்கு நியூட்ரோஃபிலை வரவழைத்துச் சமநிலையைக் கெடுக்கிறது.

புகை என்றால் பீடி மட்டும் அல்ல. வாழ்நாளில் ஒரு பீடி தொடாத பாட்டிகள் இளைத்து இளைத்துப் படியேறுவதைக் கண்டிருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குனிந்து ஊதாங்குழலை ஊதியவர்கள். ஒவ்வொரு ஊதலுக்கும் முன்னால் ஒரு நீண்ட மூச்சை இழுத்தாக வேண்டும், எதிரே புகை. எரிவாயு அடுப்பு வந்த பிறகும், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகு எரிகிற வீடுகள் இருக்கின்றன. இந்தியாவில் மாரடைப்பு போன்ற இதய நோய்களுக்கு அடுத்தபடி உயிரைக் குடிப்பது சி.ஓ.பி.டி. என்று உலக நோய்ச்சுமை ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்தப் பாட்டிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "வயசாயிடுச்சு".

இந்த நோயில் புரத வேட்டை பல ஆண்டுகள் தோல்விதான். டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்து மூட்டுவாதத்தில் கொடிகட்டிப் பறந்த இன்ஃபிளிக்சிமாப்பை சி.ஓ.பி.டி.யில் சோதித்து 2007-இல் முடிவு வந்தது. பலன் பூஜ்யம், புற்றுநோயும் நிமோனியாவும் மருந்து பெற்றவர்களிடமே கூடுதலாகத் தென்பட்டன. அழற்சிப் புரதம் என்றதும் அதை எதிரியாக நினைத்துவிடுகிறோம். கிருமியைத் தடுப்பதும் அதே புரதம்தான். எதை, யாரிடம், எவ்வளவு முடக்குவது என்று தெரியாமல் கைவைத்தால் இப்படித்தான் ஆகும். இங்கும் கடைசியில் வழிகாட்டியது பழைய ஈசினோஃபிலே. சி.ஓ.பி.டி. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அது ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருக்கும். அவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் நன்றாகப் பலன் தருகிறது. 100-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரிதாக இல்லை, நிமோனியா ஆபத்துதான் மிச்சம். அந்த 300-காரர்களைப் பொறுக்கி எடுத்துச் சோதித்த பிறகே 2024-இல் டுப்பிலுமாப்பும், 2025-இல் மெப்போலிசுமாப்பும் அமெரிக்காவில் சி.ஓ.பி.டி.க்கு அனுமதி பெற்றன.

சார்கோவும் லைடனும் பார்த்த படிகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் புரதம். ஈசினோஃபில் வெடித்துச் சாகும்போது அதிலிருந்து கொட்டும் கேலெக்டின்-10. 2019-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து ஆய்வாளர்கள், அந்தப் படிகம் வெறும் குப்பையல்ல, அதுவே அழற்சியைத் தூண்டுகிறது என்று எலிகளில் காட்டினார்கள். எதிர்ப்பொருள் கொண்டு கரைக்கவும் முடிந்தது. கண்டது 1853, வேலை புரிந்தது 2019.

இந்த ஊசிகள் நமக்கு எட்டுமா? மாதத்துக்குப் பல பத்தாயிரம் ரூபாய். எட்டாது. ஆனால் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதில் அர்த்தமில்லை, ஏனென்றால் ஆஸ்துமாக்காரர்களில் மிகச் சிலருக்கே அவை தேவை. பெரும்பாலோருக்கு இதே புரதங்களை அடக்க ஸ்டீராய்டு இன்ஹேலர் போதும். புடெசோனைடும், புடெசோனைட்-ஃபார்மெடரால் கூட்டும் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஊமத்தையின் வழியில் வந்த டையோட்ரோபியமும் அதே பட்டியலில், சி.ஓ.பி.டி.க்கு அன்றாட மருந்தாக இருக்கிறது. மருந்து இருக்கிறது, அதன் மேல் நம்பிக்கைதான் இல்லை. "இன்ஹேலர் வேணாங்க, பழக்கமாயிடும்" என்று மைக்ரோகிராம் கணக்கில் நெஞ்சுக்குப் போகும் மருந்தை மறுக்கிறவர், "ஒரு ஊசி போட்டு விட்ருங்க டாக்டர்" என்று உடம்பு முழுக்கப் போகும் அதே வகை ஸ்டீராய்டை மில்லிகிராம் கணக்கில் வாங்கிக்கொள்கிறார். டெரிஃபிலினும் டெக்ஸாவும் சேர்ந்த அந்த ஊசியை மாதம் ஒருமுறை போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரையும் எலும்புத் தேய்வும் வந்தால், அதற்கும் பழி ஆஸ்துமாவின் தலையில். கொஞ்சம் விவரமானவர்கள் சால்பியூட்டமால் அடங்கிய நீல இன்ஹேலரோடு நின்றுவிடுகிறார்கள். தசையை இளக்கும் சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா 2019-இலேயே அறிவித்துவிட்டது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான் இந்தியர்கள். மரணங்களிலோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இங்கே என்கின்றன உலக நோய்ச்சுமை மதிப்பீடுகள். கைக்கு எட்டும் மருந்தைக் கையில் எடுக்காததற்கு இந்த வித்தியாசத்தில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

வீட்டில் யாருக்காவது இழுப்போ, மாதக்கணக்கில் இருமலோ, படியேறினால் இளைப்போ இருந்தால், குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தொடங்கும் முன் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள், தொடங்கிய பின் அது இறங்கிவிடும். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் புழுவையும் ஃபைலேரியாவையும் மறக்க வேண்டாம் என்று டாக்டருக்கு நினைவுபடுத்துவதில் தவறில்லை. சீட்டில் நீல இன்ஹேலர் மட்டும் இருந்தால், "வீக்கத்துக்கு எது டாக்டர்?" என்று கேளுங்கள். கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுப்பு நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.